எண்டோஸ்கோப்பி நார்மல், ஆனா ரத்தம் போயிட்டே இருக்கு!

வாசகர் கேள்வி, குடல் டாக்டர் பதில்

போன இதழ்ல கருப்பா மலம் போறதைப் பத்தி, அதாவது குடலுக்குள்ள கசியிற ரத்தம் கருத்துப் போய் மலத்தோட வர்றதைப் பத்தி நாலு வரிதான் எழுதியிருந்தேன், அதுக்கு இவ்வளவு லெட்டர் வரும்னு நினைக்கலை. படிச்சுப் பார்த்தா பாதிப் பேர் ஒரே விஷயத்தைத்தான் வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க: டியூப் விட்டுப் பார்த்தாச்சு, ஒண்ணும் இல்லைங்கிறாங்க, ஆனா ரத்தம் குறைஞ்சுக்கிட்டே வருது, ஏன்? அதனால இந்தத் தடவை இது ஒண்ணுதான். அதுலயும் நிறைய பேர் கேள்வியே பட்டிருக்காத ஒரு காரணத்துக்கு, வயித்துக்குள்ள ஓடுற தமனில வர்ற பொடைப்புக்கு, அனியூரிசம்னு சொல்லுவோமே அதுக்கு, அதிக இடம் எடுத்துக்கிறேன்.

கேள்வி: வணக்கம் டாக்டருங்க. எங்க வீட்டுக்காரருக்கு 44 வயசு, லேத் பட்டறை வெச்சிருக்காரு. ஆடி மாசம் ஒரு நாள் காலைல பாத்ரூம் போயிட்டு வந்து தலை சுத்துதுன்னு திண்ணைல உக்காந்தவரு அப்படியே சாஞ்சுட்டாருங்க. மலம் தார் ஊத்துன மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரில ஹீமோகுளோபின் 5.8 தான் இருக்குன்னு மூணு யூனிட் ரத்தம் ஏத்துனாங்க, வாய் வழியா டியூப் விட்டுப் பார்த்துட்டு புண்ணு எதுவும் இல்லைன்னுட்டாங்க. நாலு நாள்ல தானா நின்னுடுச்சு. அப்புறம் ஐப்பசில ஒரு தடவை, இப்ப மார்கழில ஒரு தடவை. மொத்தம் ஏழு யூனிட் ஏத்தியாச்சு, வாய் வழியா ரெண்டு தடவை, ஆசனவாய் வழியா ஒரு தடவை பார்த்தாச்சு, எல்லாம் நார்மலாம். இப்ப மாத்திரை மாதிரி இருக்கிற கேமராவ முழுங்கிப் பார்க்கலாம்ங்கிறாங்க. ரத்தம் போறதுக்கு முந்தின நாள் மேல்வயித்துல பிடிச்சுப் பிழியிற மாதிரி வலிக்கும், கருப்பா போனதும் வலி விட்டுடும். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி குடியால கணையம் வீங்கி பத்து நாள் அட்மிஷன்ல இருந்தாருங்க, இப்ப குறைச்சுக்கிட்டாரு, முழுசா விடலை. சாமி குத்தம்னு மாமியார் சொல்றாங்க. எனக்கு என்ன பண்றதுன்னே தெரியலைங்க.
ஒரு வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: அம்மா, உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன். கடைசில போற போக்குல எழுதியிருக்கீங்களே, கணையம் வீங்கி பத்து நாள் அட்மிஷன்ல இருந்தாருன்னு, என்னைக் கேட்டா மொத்த விஷயமும் அந்த ஒரு வரிலதான் இருக்கு. இதை உங்க டாக்டர்கிட்ட சொன்னீங்களா? சொல்லலைன்னா இன்னைக்கே சொல்லுங்க. வேற ஆஸ்பத்திரில நடந்தது, பழைய கதைன்னு நினைச்சு நிறைய வீட்ல இதை விட்டுடுறாங்க.

கணையம் இரைப்பைக்குப் பின்னாடி குறுக்கா படுத்திருக்கிற உறுப்பு. அதோட மேல் விளிம்பை ஒட்டியே மண்ணீரலுக்குப் போற தமனி வளைஞ்சு வளைஞ்சு ஓடுது. கணையம் புண்ணாகும்போது, நாம சாப்பிடுற கறியையும் முட்டையையும் கரைக்க வேண்டிய நீர் வெளிய கசிஞ்சு, பக்கத்துல ஓடுற தமனியோட சுவரையே அரிச்சுடும். அரிச்ச உடனே வெடிக்கணும்னு இல்ல, வெளிய வர்ற ரத்தத்தை சுத்தி இருக்கிற உறைஞ்ச ரத்தமும் தழும்பும் சேர்ந்து ஒரு பை மாதிரி பிடிச்சு நிறுத்திக்கும். தேஞ்சு போன சைக்கிள் டயர் வழியா ட்யூப் பிதுங்கி நிக்குமே, பார்த்திருப்பீங்க, கிட்டத்தட்ட அப்படித்தான், ஆனா ட்யூப்புக்காவது ரப்பர்னு ஒண்ணு இருக்கு, இந்தப் பைக்கு சொந்தமா சுவரே கிடையாது. அதனாலதான் இதை சூடோ அனியூரிசம், போலிப் பொடைப்புன்னு சொல்றோம். பேர்தான் போலி, நிஜப் பொடைப்பை விட இதுதான் சீக்கிரம் வெடிக்கும்.

இந்தப் பை கணையத்துக்குள்ள இருக்கிற குழாய்க்குள்ள ஓட்டை போட்டுக்கிச்சுன்னா ரத்தம் அந்தக் குழாய் வழியா முன்சிறுகுடலுக்கு வந்துடும். வர்ற ரத்தம் நடுவுல உறைஞ்சு குழாயை அடைச்சுக்கும், உள்ள அழுத்தம் ஏறி மேல்வயிறு பிழியும், உறைஞ்சது விலகி ரத்தம் குடலுக்குள்ள இறங்கினதும் வலி விட்டுடும், கொஞ்ச நேரத்துல மலம் கருப்பா வரும். உங்க வீட்டுக்காரருக்கு வலி வந்து, கருப்பா போனதும் வலி நிக்குதுன்னு எழுதியிருக்கீங்களே, அப்படியே இதுதான். ஹீமோசக்கஸ் பேங்க்ரியாட்டிகஸ்னு பேரு, 1931லயே எழுதி வெச்சுட்டாங்க, 1970ல சாண்ட்ப்ளாம்ங்கிற ஸ்வீடன் நாட்டு சர்ஜன் இந்தப் பேரை வெச்சாரு. நேர்ல பார்க்காம உங்க வீட்டுக்காரருக்கு இதுதான்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது, ஆனா முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

அப்ப ரெண்டு தடவை டியூப் விட்டவங்க தப்பு பண்ணிட்டாங்களான்னு தோணும். அப்படிச் சொல்ல மாட்டேன். சாதாரண எண்டோஸ்கோப்பி டியூப்ல கேமரா நேரா முன்னாடி பார்க்கிற மாதிரிதான் இருக்கும், கணையக் குழாய் திறக்கிற வாய் முன்சிறுகுடலோட பக்கச் சுவர்ல ஒரு மடிப்புக்குள்ள ஒளிஞ்சிருக்கும். பக்கவாட்டுல பார்க்கிற கேமரா உள்ள டியூப் வேற, பித்தக் குழாய், கணையக் குழாய்க்குப் பண்ற ஈஆர்சிபிங்கிற ஸ்கோப்பிக்கு வெச்சிருக்கிறது, அதைப் போட்டாதான் அந்த வாய் நல்லாத் தெரியும். அப்பவும் ரத்தம் விட்டு விட்டுத்தான் வரும்கிறதால நாம பார்க்கிற பத்து நிமிஷத்துல வராமலே போகலாம்.

எங்கிட்ட ஒரு டெய்லர் வந்தாரு, ஏழு மாசமா இதே கதை. அவர் ஃபைலைத் திறந்தா நாலு ஸ்கோப்பி ரிப்போர்ட், நாலுலயும் நார்மல். பழைய டிஸ்சார்ஜ் சம்மரி ஒண்ணு மடிச்சு அடில கிடந்துச்சு, பிரிச்சா கணைய அழற்சின்னு எழுதியிருக்கு. பக்கவாட்டு ஸ்கோப்பை உள்ள விட்டு அந்தக் குழாய் வாய்க்கு நேரா நிறுத்திட்டுக் காத்திருந்தோம். சின்ன மொட்டு மாதிரி இருக்கும் அது. மஞ்சளா பித்தம் வருது, நிக்குது, மறுபடி மஞ்சள். எடுத்துடலாமான்னு நர்ஸைப் பார்க்கிறேன், அந்த நேரத்துல அந்த மொட்டுல இருந்து சிவப்பு நூல் மாதிரி ஒண்ணு மெதுவா இறங்கி பித்தத்தோட கலந்து போச்சு, அவ்வளவுதான், அப்புறம் வரவே இல்ல. அன்னைக்கு மத்தியானமே சிடி ஆஞ்சியோ, அதாவது மருந்து ஏத்தி தமனியைப் படம் பிடிக்கிற ஸ்கேன் எடுத்தோம், மண்ணீரல் தமனில சுண்டைக்காய் அளவுக்கு ஒரு பொடைப்பு. ஏழு மாசமா ஒரு மனுஷனைப் படுக்கையில தள்ளினது அந்தச் சுண்டைக்காய்தான்.

அதனால உங்களுக்கு நான் சொல்றது, கேமரா மாத்திரைக்கு முன்னாடி சிடி ஆஞ்சியோகிராம் எடுங்க. கேமரா மாத்திரை நல்ல டெஸ்ட்தான், கிட்டத்தட்ட ஆறு மீட்டர் நீள சிறுகுடலை எட்டு மணி நேரம் படம் எடுத்துக்கிட்டே போகும், குடல் சுவர்ல ரத்தக்குழாய் முடிச்சோ புண்ணோ இருந்தா காட்டிக் கொடுக்கும். மேல, கீழ ரெண்டு பக்கமும் ஸ்கோப் பார்த்தும் காரணம் பிடிபடாதவங்க நூத்துக்கு சுமார் அஞ்சு பேர் இருப்பாங்க, அதுல பெரும்பாலானவங்களுக்குப் பிரச்சினை சிறுகுடல்லதான், அவங்களுக்கு அது சரி. ஆனா அந்த மாத்திரை குடலுக்கு உள்பக்கத்தை மட்டும்தான் பார்க்கும், குடலுக்கு வெளிய கணையத்தை ஒட்டி இருக்கிற தமனி அதுக்குத் தெரியாது.

சிடின்னு பொதுவா கேட்டு எடுத்துடாதீங்க, இதுல நிறைய இடத்துல கோட்டை விட்டுடுறாங்க, கொஞ்சம் கவனமா படிங்க. சாதாரண வயிறு சிடில மருந்து ஏத்தி சிரைல ரத்தம் நிறையிற நேரத்துல ஒரு தடவை படம் எடுத்து முடிச்சுடுவாங்க. நமக்கு வேண்டியது மருந்து தமனிக்குள்ள பாயுற அந்த சில நொடில ஒரு படம், மருந்துக்கு முன்னாடி ஒண்ணு, சிரை நேரத்துல ஒண்ணு. வாய் வழியா குடிக்கக் கொடுக்கிற வெள்ளை மருந்து வேணாம், அது குடலுக்குள்ள வெள்ளையா நின்னுக்கிட்டு கசியிற ரத்தத்தை மறைச்சுடும். ரத்தம் போயிட்டு இருக்கும்போது எடுத்தா ரொம்ப நல்லது, நிமிஷத்துக்கு 0.3 மில்லி கசிஞ்சாலே சிடி காட்டிடும். நின்னுபோன பிறகு எடுத்து என்ன பிரயோஜனம்னு கேட்பீங்க. கசிவுதான் நிக்கும், பொடைப்பு அங்கேயேதான் இருக்கும், அதனால பெரும்பாலும் மாட்டிக்கும். சில சமயம் பைக்குள்ள ரத்தம் உறைஞ்சு போய் மருந்து உள்ள போகாம தெரியாமலும் போகலாம், அதனால ஒரு தடவை நார்மல்னு வந்து மறுபடி ரத்தம் போனா மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்க. சிறுநீரகம் எப்படி இருக்குன்னு சொல்ற கிரியேட்டினின் டெஸ்ட் பார்த்துக்கணும், சுகருக்கு மெட்ஃபார்மின் சாப்பிட்டா, முன்னாடி எப்பவாவது இந்த ஸ்கேன் மருந்துக்கு அலர்ஜி வந்திருந்தா சொல்லிடணும்.

பொடைப்புன்னு உறுதியானா வயித்தைக் கிழிக்கணுமோன்னு பயப்படாதீங்க. இப்ப பெரும்பாலானவங்களுக்குத் தொடைல இல்லைன்னா மணிக்கட்டுல ஒரு சின்னத் துளை போட்டு, நூடுல்ஸை விட மெல்லிசான குழாயை தமனிக்குள்ள விட்டு அந்த இடத்துக்கே போய் அடைச்சுடுறாங்க, இதயத்துக்கு ஆஞ்சியோ பண்றாங்களே அதே மாதிரி கேத் லேப்ல. பண்றவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். பிளாட்டினக் கம்பிச் சுருளைத் தள்ளிவிட்டா அது உள்ள போய் சுருண்டு உக்காந்துக்கும், அதைச் சுத்தி ரத்தம் உறைஞ்சு அடைபடும். இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. பொடைப்புக்கு முன்னாடி மட்டும் அடைச்சா போதாது, மண்ணீரலுக்கு இரைப்பைப் பக்கத்துல இருந்தும் சின்னச் சின்னக் குழாய்ல ரத்தம் வரும், அது பின்பக்கமா வந்து பையை மறுபடி நிரப்பிடும். அதனால முன்வாசல், பின்வாசல் ரெண்டையும் அடைக்கணும், சுருளைப் பொடைப்பைத் தாண்டிப் போட்டுட்டு அப்புறம் இந்தப் பக்கம் போட்டுக்கிட்டே வெளிய வரணும். சில இடத்துல பசை ஊத்துவாங்க. அடைக்கவே கூடாத தமனியா இருந்தா, உதாரணத்துக்கு சிறுகுடலுக்கே ரத்தம் கொண்டு போற பெரிய தமனி, உள்ள உறை போட்ட ஸ்டென்ட் வெச்சு ஓட்டத்தை விட்டுட்டு பொடைப்பை மட்டும் ஒதுக்குவாங்க. இது எதுவும் எட்டலைன்னா, இல்ல பிரஷர் தூக்க முடியாத அளவுக்கு ரத்தம் போயிட்டா, அப்ப ஆபரேஷன்தான், கணையத்தோட வால் பகுதியையும் மண்ணீரலையும் எடுக்க வேண்டி வரலாம்.

அடைச்ச பிறகு ஒரு வாரம் இடது விலாவுக்குக் கீழ வலி, லேசா காய்ச்சல் இருக்கலாம், மண்ணீரல்ல ஒரு பகுதிக்கு ரத்தம் குறையிறதால. கொஞ்ச நாள் கழிச்சு மறுபடி ஒரு சிடி பார்த்துடணும். குடியை விடலைன்னா கணையம் மறுபடி புண்ணாகி இன்னொரு இடத்துல அரிக்கும், குறைச்சுக்கிட்டேன்கிறது கணையத்துக்குக் கணக்கே இல்லம்மா, இதை அவர்கிட்ட நீங்க மட்டும் சொல்லாம அவர் மதிக்கிற ஒருத்தரை வெச்சும் சொல்லுங்க. மாமியார் மனசை நோகடிக்க வேணாம், கோயிலுக்கும் போயிட்டு வாங்க. ஆனா சிடி இந்த வாரமே. மூணு தடவை தானா நின்னுது நாலாவது தடவையும் நிக்கும்னு மட்டும் வீட்ல யாரும் நினைக்க வேணாம். நடுவுல கருப்பா போயி தலை சுத்துச்சுன்னா 108தான், பஸ்ல கூட்டிட்டுப் போகாதீங்க.

கேள்வி: எனக்கு ரத்த சோகைக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்திருக்காங்க. அதுல இருந்து மலம் கருப்பா போகுது. போன இதழ் படிச்சதுல இருந்து தூக்கமே இல்ல.
கல்லூரி மாணவி, திருச்சி

பதில்: தூங்கும்மா. இரும்பு மாத்திரைல கருப்பு கொஞ்சம் பச்சை கலந்து, கெட்டியா, வழக்கமான மாதிரிதான் வரும். ரத்தக் கருப்பு பளபளன்னு, பிசுபிசுன்னு கோப்பைல ஒட்டிக்கிட்டு ரெண்டு வாளி தண்ணி ஊத்தினாலும் போகாது, வாடையும் வேற மாதிரி குமட்டும், ஒரு தடவை அந்த வாடையை அனுபவிச்சவங்க மறக்க மாட்டாங்க. ஆனா ஒண்ணு, ரத்த சோகை ஏன் வந்துச்சுன்னு பார்த்தாங்களா? மாதவிடாய் அதிகமா, வலி மாத்திரை அடிக்கடி சாப்பிடுறியான்னு டாக்டர்கிட்ட பேசிடு.

கேள்வி: டாக்டர் சார், எங்கப்பாவுக்கு 68 வயசு. நாலு வருசத்துக்கு முன்னாடி வயித்துல பெருந்தமனி வீங்கியிருக்குன்னு ஆபரேஷன் பண்ணி செயற்கைக் குழாய் வெச்சாங்க. ஒரு மாசமா சாயந்திரமானா காய்ச்சல் வந்து வந்து போகுது. முந்தாநாள் ஒரு கையளவு ரத்தம் வாந்தி எடுத்தாரு, அப்புறம் ஒண்ணுமே இல்ல, நல்லாத்தான் சாப்பிடுறாரு. அடுத்த மாசம் செக்கப் இருக்கு, அப்ப காட்டினா போதுமா?
வாசகர், மதுரை

பதில்: உங்க மெயிலைப் பார்த்ததும் இதழ் அச்சாகி வர்ற வரைக்கும் இது காத்திருக்காதுன்னு ஆபீஸ்ல சொல்லி உங்களுக்கு அன்னைக்கே போன் பண்ணச் சொல்லிட்டேன், அப்பாவை உடனே அட்மிட் பண்ணிட்டீங்கன்னு சொன்னாங்க, ரொம்ப நிம்மதி. மத்தவங்களுக்காக எழுதுறேன். முன்சிறுகுடலோட மூணாவது பகுதி பெருந்தமனிக்கு நேர் முன்னாடி குறுக்கா ஓடுது. செயற்கைக் குழாய்ல கிருமி தொத்தினாலோ, அது உரசிக்கிட்டே இருந்தாலோ குடலுக்கும் தமனிக்கும் நடுவுல ஓட்டை விழுந்துடும். முதல்ல கொஞ்சமா ரத்தம் வந்து நின்னுடும், சில மணி நேரமோ சில நாளோ கழிச்சுத்தான் பெருசா வரும், அந்தப் பெருசு வந்தா ஆஸ்பத்திரி வாசல்லயே இருந்தாலும் காப்பாத்துறது கஷ்டம். வயித்துல பெருந்தமனிக்கு கிராஃப்ட், அதாவது இந்தச் செயற்கைக் குழாய் வெச்சவங்களுக்கு வாய் வழியாவோ மலத்துலயோ துளி ரத்தம் வந்தாலும், வேற காரணம்னு நிரூபணமாகிற வரைக்கும் இதுதான் காரணம்னு எடுத்துக்கிட்டுத்தான் வைத்தியம் பார்க்கணும். எமர்ஜென்சில நுழைஞ்சதும் முதல் வார்த்தையா கிராஃப்ட் வெச்சிருக்குன்னு சொல்லுங்க, அல்சர் மாத்திரை வாங்கிட்டு வீட்டுக்கு வந்துடாதீங்க.

ஐன்ஸ்டீனுக்கு இருந்ததும் இந்தப் பெருந்தமனி வீக்கம்தான். 1948ல ருடால்ஃப் நிசென்ங்கிற சர்ஜன் வயித்தைத் திறந்து அந்த வீக்கத்தைச் சுத்தி செலோஃபேன் தாளைச் சுத்தி வெச்சாரு, அன்னைக்குக் கைல இருந்த வைத்தியம் அதுதான். அதோட ஆறு வருஷத்துக்கு மேல இருந்துட்டு 1955 ஏப்ரல் 18 அன்னைக்கு அது கிழிஞ்சு இறந்தாரு, அவருக்குக் குடலுக்குள்ள கசியலை, வயித்துக்குள்ளயே கிழிஞ்சது. இன்னைக்கு நம்ம ஊர்லயே அதுக்குள்ள ஸ்டென்ட் கிராஃப்ட் வைக்கிறோம்.

கேள்வி: என் மனைவிக்கு 29 வயசு. சிறுநீரகக் கல்லுக்கு ஸ்கேன் எடுத்தப்ப மண்ணீரல் தமனில 1.6 செ.மீ. அனியூரிசம் இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. எந்தத் தொந்தரவும் இல்ல. சின்னதுதானே, விட்டுடலாம்னு ஒருத்தர் சொன்னாரு. ரெண்டாவது குழந்தைக்குத் திட்டம் போட்டிருக்கோம்.
வாசகர், நாகர்கோவில்

பதில்: குழந்தைத் திட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைங்க. வயித்துத் தமனிகள்ல அனியூரிசம் வந்தா பத்துல ஆறு மண்ணீரல் தமனிலதான் வரும், பெண்களுக்குத்தான் அதிகம். அறுபது வயசுப் பாட்டிக்கு இந்த அளவு இருந்தா நானும் வருஷா வருஷம் ஸ்கேன் பார்த்துக்கிட்டு இருக்கலாம்னு சொல்லுவேன், பொதுவா 3 செ.மீ. ஆனாதான் கை வைக்கிறோம். ஆனா இனிமே கர்ப்பமாகப் போற பெண்ணுக்கு அளவே பார்க்கக் கூடாது. கர்ப்பத்துல ரத்த ஓட்டம் கூடும், ஹார்மோனால தமனிச் சுவர் இளகும், கடைசி மூணு மாசத்துல இது வெடிச்சா தாய், குழந்தை ரெண்டு பேருமே போயிடுற ஆபத்து இருக்கு. இப்பவே ஒரு வாஸ்குலர் சர்ஜனையோ இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்டையோ பார்த்து அடைச்சுட்டு, சிடில சரியா அடைஞ்சிருக்கான்னு பார்த்துட்டு அப்புறம் பெத்துக்கோங்க. சின்னதுன்னு சொன்னவர் செ.மீ. பார்த்தாரு, வயசைப் பார்க்கலை.

கேள்வி: பித்தப்பை லேப்ராஸ்கோப்பி ஆபரேஷன் ஆகி மூணு வாரம். ரெண்டு நாளா வலது விலாக்கிட்ட வலி, கண்ணு மஞ்சளா இருக்கு, மலம் கருப்பு. மஞ்சள்காமாலைக்குக் கீழாநெல்லி குடிக்கட்டுமா?
வாசகர், விழுப்புரம்

பதில்: இப்ப கீழாநெல்லி வேணாம், ஆபரேஷன் பண்ண இடத்துக்கே திரும்பப் போங்க, இன்னைக்கே. வலி, காமாலை, ரத்தம் மூணும் ஒண்ணா வந்தா பித்தக் குழாய்க்குள்ள ரத்தம் கசியுதான்னு பார்க்கணும், குவிங்க்கேங்கிற ஜெர்மன் டாக்டர் 1871லயே எழுதி வெச்ச மூணு அடையாளம் இது. கல்லீரல் தமனில ஆபரேஷன் சூட்டுலயோ கிளிப்லயோ சின்னக் காயம் பட்டு அது மெதுவா பொடைச்சு சில வாரம் கழிச்சு உடைஞ்சிருக்கலாம். கல்லீரலுக்கு முக்கால்வாசி ரத்தம் குடல்ல இருந்து வர்ற போர்ட்டல் சிரைலதான் வருது, அதனால தமனிக் கிளை ஒண்ணை சுருள் போட்டு அடைச்சாலும் அது பெரும்பாலும் தாங்கிக்கும்.

கேள்வி: பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. என்னென்ன எடுத்துட்டுப் போகணும்? செலவை நினைச்சாலே பயமா இருக்கு.
வாசகி, தர்மபுரி

பதில்: முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, அட்மிஷனுக்கு முன்னாடியே காப்பீட்டு கவுன்ட்டர்ல அட்டையைக் காட்டிப் பேசிடுங்க. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரினா குடல் பிரிவும் ரேடியாலஜியும் சேர்ந்து இருக்கிற இடமா கேட்டுப் போங்க. ஃபைல்ல எல்லா டிஸ்சார்ஜ் சம்மரியும், எத்தனை யூனிட் ரத்தம் எந்தெந்தத் தேதில ஏத்துனாங்கங்கிறதும், ஆஸ்பிரின் மாதிரி ரத்தம் உறையாம இருக்கச் சாப்பிடுற மாத்திரை அட்டையும் இருக்கணும், அதை நீங்களா நிறுத்திடாதீங்க. சிடி எடுத்திருந்தா ரிப்போர்ட் பேப்பரோட அந்தப் படம் இருக்கிற டிஸ்க்கையும் கேட்டு வாங்கிக்கோங்க, ஃபிலிம்ல தெரியாத பொடைப்பை அதைக் கம்ப்யூட்டர்ல போட்டு ஒவ்வொரு வெட்டா நகர்த்திப் பார்த்துக் கண்டுபிடிச்சிருக்கோம், டிஸ்க் இல்லைன்னா இன்னொரு தடவை மருந்து ஏத்தி, இன்னொரு தடவை பணம் கட்டி எடுக்க வேண்டியிருக்கும்.